மரியன் பாலத்திலிருந்து எத்தனை முறைதான் பார்ப்பது?

ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையின் பழைய பட அஞ்சலட்டைகள் மிக மலிவாகக் கிடைப்பதைக் கண்ட நண்பர் ஒருவர், தாமும் சேர்க்கத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார். மலிவுக்குக் காரணம் உண்டு. 1886 ஜூன் 13 அன்று, கோட்டையைக் கட்டிவந்த பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் இறந்தார். ஏழே வாரங்களில், பணி முடியாத நிலையிலேயே, கோட்டை பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் படத்தை அச்சிட்டு விற்பது இன்றுவரை நின்றபாடில்லை.

என்னை ஓயாமல் எரிச்சலூட்டுவது கோணம். பொல்லாட் பள்ளத்தாக்கின் குறுக்கேயுள்ள மரியன் பாலத்தில் நின்று எடுத்த அதே காட்சிதான், வெயிலாகவும் பனியாகவும், சிவப்பை அள்ளிக் கொட்டிய இலையுதிர்காலமாகவும் மாறி மாறி வருகிறது. கீழே கிராமத்திலிருந்து அண்ணாந்து பார்த்த கோட்டை என் பெட்டியில் அபூர்வம்.

ஆனாலும் நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோணம் மாறாததால்தான் காலம் மாறியது கண்ணில் படுகிறது. கோட்டைக்குப் பின்னால் இன்று விரிந்து கிடக்கும் ஃபோர்கன் ஏரி, லெஹ் ஆற்றை அணையிட்டுத் தேக்கி 1954-இல் முதன்முதலாக நிரப்பப்பட்டது. அந்த இடத்தில் வெறும் புல்வெளி தெரிந்தால் அட்டை அதற்கு முந்தையதாக இருக்கலாம். பனிக்காலப் படத்தை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் குளிர்காலத்தில் ஏரியின் நீரை ஆண்டுதோறும் வெளியேற்றிவிடுகிறார்கள். 1892-இல் முடிந்த சதுரக் கோபுரம் இல்லாத படம் சிக்கினால் அன்று எனக்குத் தீபாவளி. 1905-க்கு முன்பு ஜெர்மானிய அட்டைகளின் பின்புறம் முகவரிக்கு மட்டுமே உரியதாக இருந்ததால், அனுப்பியவர்கள் நலம் விசாரிப்பை முன்புறத்தில், வானத்தின் மீதே எழுதித் தள்ளியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கிறுக்கல்கள் படத்தைவிட உயர்வு. விற்பவர்களோ அதைச் சேதம் என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள், நமக்கு லாபம்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் பதில்: தொடங்க வேண்டாம். வாங்கியே தீருவதென்றால் உட்புற அட்டைகளை வாங்குங்கள். உள்ளே படமெடுக்கத் தடை இருப்பதால், அரியணையே வைக்கப்படாத அரியணை மண்டபத்தின் அட்டைக்கு ஓர் உண்மையான பயன் இருக்கிறது. பவேரியாவுக்குப் போகும் நண்பர்கள் பாசத்தோடு அனுப்பும் பாலத்துக் காட்சி மட்டும் எனக்கு இனி ஒன்றுகூட வேண்டாம்.