திமிங்கிலக் கப்பலில் போன முன்னோர்: மாலுமிப் பட்டியலா, கப்பல் நாட்குறிப்பா?

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டிலிருந்து திமிங்கில வேட்டைக்குப் போன முன்னோரைத் தேடுகிறீர்களா? நான் முதலில் மாலுமிப் பட்டியலைத்தான் எடுப்பேன். கப்பல் கிளம்பும்போது சுங்க அதிகாரியிடம் கொடுத்த பட்டியல் அது. பெயர், பிறந்த ஊர், வயது, உயரம், தோல் நிறம், முடி நிறம் வரை இருக்கும். புகைப்படமே இல்லாத ஒருவரின் உருவம் அந்த ஒற்றை வரியில் எழுந்து வரும்போது மனசு நெகிழ்ந்துவிடும். பெயரைப் போட்டு இணையத்திலேயே தேடலாம். ஆனால் எழுத்துக்கூட்டலை நம்பிவிடாதீர்கள். அட்லாண்டிக் கடலில் இருக்கும் அசோர்ஸ், கேப் வெர்டி தீவுகளிலிருந்து வந்த மாலுமிகளின் போர்த்துகீசியப் பெயர்கள் ஆங்கிலமாகியிருக்கும்; பெரெய்ரா என்பவர் பெர்ரி ஆகியிருப்பார். நடுவழித் துறைமுகங்களில் ஏறியவர்களும் இதில் இருக்க மாட்டார்கள்.

கப்பல் நாட்குறிப்பு வேறு மாதிரி. பெரும்பாலும் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி எழுதுவார்: காற்று, கப்பல் நிற்கும் இடம், கண்ணில் பட்ட திமிங்கிலங்கள். சாதாரண மாலுமியின் பெயர் அதில் வருவது அரிது; தப்பி ஓடினால், அடிபட்டால், இறந்தால் வரும். அப்புறம், பல கப்பல்களின் நாட்குறிப்புகள் இன்று இல்லவே இல்லை. கப்பலின் பெயரும் பயண ஆண்டும் தெரியாமல் தேடவும் முடியாது. சரி, கிடைத்துவிட்டால்? மூன்று நான்கு ஆண்டுப் பயணத்தில் அவர் எந்த நாள் எந்தக் கடலில் இருந்தார் என்று விரல் வைத்துப் பார்க்கலாம்.