வெனிஸ்: தீவுக்குள் தங்குவதா, மெஸ்த்ரேயில் தங்குவதா?

வெனிஸுக்கு நானும் மனைவியும் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் தடவை மெஸ்த்ரேயில் மூன்று இரவு தங்கினோம். அடுத்த தடவை தீவுக்குள்ளேயே, கன்னரேஜியோ பகுதியில் மூன்று இரவு. யார் கேட்டாலும் தீவில் தங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். அதற்கு நான் சொல்லும் காரணம்தான் கேட்பவர்களைச் சிரிக்க வைக்கிறது: மதியத் தூக்கம்.

மெஸ்த்ரே என்பது கரையில் இருக்கும் ஊர். நிர்வாகத்தில் வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்ததுதான். அங்கிருந்து ரயில் ஏறினால் கடல்மேல் பாலத்தில் போய்ப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீவில் இருக்கும் சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தில் இறங்கிவிடலாம். பஸ், டிராம் எல்லாம் தீவின் வாசலில் இருக்கும் பியாத்சாலே ரோமா சதுக்கம் வரை போகும். வாடகை குறைவு, அறை பெரிது, லிஃப்ட் இருக்கும், காரில் வந்தால் நிறுத்த இடம் கிடைக்கும். எங்களுக்கு மெஸ்த்ரேயில் இரவுக்கு 90 யூரோ ஆனது, தீவில் 160. இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் மெஸ்த்ரேதான் ஜெயிக்கும்.

சாப்பாட்டிலும் மெஸ்த்ரேக்கு ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும். ரயில் நிலையத்தை ஒட்டிய வியா பியாவே பக்கம் வங்கதேசத்துக்காரர்கள் நிறையப் பேர் கடை வைத்திருக்கிறார்கள். பக்கத்து மார்கேராவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்கு வந்தவர்களும் அந்த வட்டாரத்தில் நிறைய. பச்சை மிளகாய், கொத்தமல்லி, சோறு, பருப்பு எல்லாம் கிடைத்தது. மூன்று நாள் பீட்சாவுக்குப் பிறகு அந்தப் பருப்பைப் பார்த்தபோது மனைவியின் முகத்தில் வந்த வெளிச்சம் சான் மார்க்கோ பேராலயத்தின் பொன் மொசைக்கைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

சரி, தூக்கத்துக்கு வருகிறேன். வெனிஸ் முழுக்க நடை. கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் படி. காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். உட்காரலாம் என்றால் பெஞ்சுகள் அபூர்வம். சான் மார்க்கோ சதுக்கத்தில் படியிலோ தரையிலோ உட்கார்ந்தால் அபராதம். காப்பிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. கழிப்பறைக்கும் காசு. வப்பரெத்தோ எனப்படும் பொதுப் போக்குவரத்துப் படகில் ஏறி உட்காரலாம் என்று பார்த்தால், ஒரு டிக்கெட் 9.50 யூரோ; அந்த நேரத்துக் கூட்டத்தில் உட்கார இடமும் கிடைப்பதில்லை.

முதல் பயணத்தில் தினமும் இதுதான் நடந்தது. மூன்று மணிக்குத் தளர்ந்துபோய் ரயில் ஏறி மெஸ்த்ரேக்குப் போவோம். குளித்துப் படுத்து எழுந்தால் ஏழு மணி. திரும்பவும் நிலையத்துக்கு நடந்து, டிக்கெட் எடுத்து, இயந்திரத்தில் முத்திரை குத்தி, ரயிலைப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடப் பயணம்தான், ஆனால் கதவிலிருந்து கதவு வரை முக்கால் மணி நேரம் ஆகிவிடும். மூன்று நாளில் ஒருநாள்கூட நாங்கள் சாயங்காலம் திரும்பிப் போகவில்லை. மூன்று இரவு வெனிஸில் இருந்துவிட்டு வெனிஸின் இரவைப் பார்க்காமல் வந்தோம்.

இரண்டாம் முறை அறை பத்து நிமிட நடையில் இருந்தது. காலை ஏழரைக்கு ரியால்தோ மீன் சந்தை. பதினொன்று வரை சுற்றல். பகல் கூட்டம் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து கொட்டும் நேரத்தில் நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கினோம். ஐந்து மணிக்கு எழுந்து வெளியே வந்தால் கூட்டம் நிலையத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளுக்கு இரண்டு நாள் கிடைத்த மாதிரி. இரவுக்கு 70 யூரோ அதிகம் கொடுத்து நான் வாங்கியது இதைத்தான்.

இருட்டிய பிறகு அது வேறு ஊர். தீவின் மக்கள்தொகை இப்போது 50,000-க்கும் குறைவு. 1950-களில் 1,70,000-க்கும் மேல் இருந்தது. அதனால் பிரதான வழியை விட்டு இரண்டு சந்து உள்ளே போனாலே காலடிச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும்தான். மிசெரிகோர்தியா கால்வாய்க் கரை மட்டும் கலகலப்பு. பாக்கரோ எனப்படும் சின்னக் கடைகளில் நின்றபடி சிக்கெத்தி என்ற சின்னச் சின்னப் பதார்த்தங்களைக் கொறிக்கலாம். காய்ந்த காட் மீனை வேகவைத்து, எண்ணெய் விட்டுக் கடைந்து ரொட்டியில் தடவித் தருவார்கள். நம் கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் சாதுவான சொந்தம்.

தீவில் தங்க எல்லோரும் பயப்படுவது பெட்டியை நினைத்துத்தான். நியாயமான பயம். சக்கரப் பெட்டிக்குப் படிக்கட்டுப் பாலத்தில் ஒரு பயனும் இல்லை, தூக்க வேண்டும். அதனால் அறை தேடும்போது தூரத்தைக் கேட்காமல் பாலத்தைக் கேளுங்கள்: நிலையத்திலிருந்து எத்தனை பாலம்? சாந்தா லூச்சியாவிலிருந்து இடப்பக்கம் திரும்பி லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா தெருவில் நேராகப் போனால் குல்யே பாலம் வரை ஒரு படிகூட இல்லை. எங்கள் அறை அந்தப் பாலத்தைத் தாண்டி. ஆக ஒரே பாலம், ஒரே முனகல். அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் 1516-இல் யூதர்களை ஒதுக்கி வைத்த கெட்டோ இருக்கிறது. அந்தச் சொல்லே இங்கிருந்து கிளம்பியதுதான்.

2024-இலிருந்து, குறிப்பிட்ட சில நாட்களில், பகலில் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. இதில் தீவுக்கும் மெஸ்த்ரேக்கும் வித்தியாசமில்லை. இரண்டிலும் இரவு தங்குபவர்களுக்கு விலக்கு. ஆனால் அதற்கு இணையத்தில் முன்கூட்டியே பதிந்து கொள்ள வேண்டும். இன்னும் மலிவு என்று பக்கத்து நகரமான பதுவாவில் தங்கினால் இந்த விலக்கு கிடையாது.

நான் சொல்வதெல்லாம் மே, அக்டோபர் மாத அனுபவம். ஜூலை வெக்கையில் நான் போனதில்லை. கடல்நீர் ஏறித் தெருவுக்குள் வரும் நாளிலும் மாட்டிக்கொண்டதில்லை. கைக்குழந்தை வண்டியோடு போகிறவர்களுக்கும், மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். தீவில் பழைய வீடுகள். எங்கள் அறை மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லை. பாலத்தில் மிச்சம் பிடித்த மூச்சை அங்கே விட்டோம். வெரோனா, பதுவா என்று தினம் ஒரு ஊர் பார்க்கும் திட்டமிருந்தாலும் மெஸ்த்ரேதான் வசதி.

அடுத்த முறையும் கன்னரேஜியோதான் என்று முடிவாகிவிட்டது. மூன்றாம் நாள் மதியம் மட்டும் தூக்கத்தை விட்டுவிட்டு, ரயிலேறி மெஸ்த்ரேக்குப் பருப்பு சாப்பிடப் போவது மனைவியின் நிபந்தனை.