ரோ குயில்ட் எக்ஸ்சேஞ்ச்: சுத்தி விடலாமா, ஸ்வாப் பண்ணலாமா, பையில குடுத்து வாங்கலாமா?

எங்க மல்லேஸ்வரம் மாமி ஜூன்ல ஸ்ரீரங்கத்துக்கே குடிபோறாங்க, அதுக்குள்ள ஆறு பேரோட கைவேலையும் இருக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு குயில்ட், அதாவது துண்டுத்துணிங்கள சேர்த்து தைக்கிற போர்வை, பண்ணிடணும்னு பேசி வெச்சிருக்கோம். ரோ குயில்ட்தான்ங்கறதுல சண்டையே இல்ல, குறுக்கால ஒரு ஒரு வரிசையா தைச்சு அத ஒண்ணுக்கு கீழ ஒண்ணா சேர்க்கிறது, வேலைய பங்கு போடறதுக்கு இத விட வசதி எதுவும் கிடையாது. ஆனா எப்படி மாத்திக்கிறதுங்கறதுல ரெண்டு வாரமா வாட்ஸ்அப்ல பேச்சு ஓடிட்டு இருக்கு, ஒருத்தர் சுத்தி விடலாம்ங்கறாங்க, ஒருத்தர் ஸ்வாப்ங்கறாங்க, விஜயநகர் அக்கா பையில போட்டு குடுத்துடலாம்ங்கறாங்க. நான் இதுல ரெண்டு முறையை ஏற்கனவே செஞ்சு பாத்தவ, அதனால மொத்தத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன், பெங்களூர்ல உங்க பக்கத்துல இந்த மாதிரி யாராவது பிளான் பண்ணாலும் உதவும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடணும். எந்த முறையில பண்ணாலும் தையல் வேலை ஒரே அளவுதான். ஆறு பேருக்கு ஆறு குயில்ட், ஒண்ணுக்கு ஆறு வரிசை, மொத்தம் 36 வரிசை, ஆளுக்கு ஆறு. "ஸ்வாப்னா ஈஸி"ன்னு நெனச்சு வர்றவங்க இத மனசுல வெச்சுக்கணும். மாறுறது என்னன்னா நம்ம துணி எத்தன நாள் அடுத்தவங்க வீட்டுல இருக்கும், ஒருத்தர் லேட் பண்ணா யாரெல்லாம் காத்து நிக்கணும், தைக்கிறவங்க கண்ணு முன்னாடி மத்தவங்க வரிசை இருக்குமா இருக்காதா, இந்த மூணும்தான்.

சுத்தி விடறத ரோ ராபின்னு சொல்வாங்க. நான் முதல் வரிசை தைச்சு அல்சூர் அக்காவுக்கு குடுக்கிறேன், அவங்க ஒரு வரிசை சேர்த்து அடுத்தவங்களுக்கு, அப்படியே ஆறு வீடு சுத்தி எங்கிட்ட திரும்ப வரும், அதே நேரத்துல மத்த அஞ்சு குயில்ட்டும் சுத்திட்டு இருக்கும். நாலு பேரா இருந்தப்போ இத பண்ணோம். எனக்கு மனசுக்கு ரொம்ப புடிச்ச முறை இதுதான், ஏன்னா வரிசைங்க ஒண்ணோட ஒண்ணு பேசும். நான் ஓட்டு வீடு வரிசைய தைச்சு அனுப்பினேன், அல்சூர் அக்கா அதுக்கு மேல தென்னமரம் வெச்சாங்க, அத பாத்துட்டு அடுத்த தோழி ரெண்டு மரத்துக்கு நடுவுல கொடி கட்டி துணி காயப்போட்ட மாதிரி ஒரு வரிசை தைச்சாங்க, குட்டி குட்டி பாவாடை, ஒரு வேட்டி, ஒரு ஒத்தக்கால் பேன்ட் கூட இருந்துச்சு. யாரும் சொல்லி வெச்சு பண்ணல. முன்னாடி வந்த வரிசைய மேஜைல விரிச்சு ஒரு வாரம் பாத்துட்டே இருந்தா மட்டும்தான் அந்த கொடி தோணும், வேற எந்த முறையிலயும் அது நடக்காது.

ஆனா அதே குயில்ட் ஒரு வீட்டுல ஏழு மாசம் நின்னுச்சு. அவங்க மாமியாருக்கு ஆபரேஷன், வீட்டுல ஆள் இல்ல, அவங்கள குத்தம் சொல்லவே முடியாது. ஆனா ராபின்ல ஒருத்தர் நின்னா பின்னாடி வர்றது எல்லாம் அவங்க வீட்டு வாசல்லயே சேர்ந்துடும், கடைசில அவங்ககிட்ட மூணு குயில்ட் இருந்துச்சு, எங்ககிட்ட தைக்க ஒண்ணுமே இல்ல. கேக்கவும் கூச்சம், கேக்காம இருக்கவும் முடியல.

இன்னொண்ணு அகலம். எல்லாரும் 48 இஞ்ச்னுதான் பேசினோம், வந்தப்போ மேல் வரிசை 47¼, கடைசி வரிசை 49. ஏன் இப்படி ஆகுதுன்னா, 3 இஞ்ச் பிளாக், அதாவது சதுரத் துண்டு, 16 வெச்சா நடுவுல 15 தையல் வருது, ஒரு தையல்ல வெறும் 1/16 இஞ்ச் தப்பினா கூட மொத்தத்துல 15/16, கிட்டத்தட்ட ஒரு இஞ்ச். அடுத்து தைக்கிறவங்க அந்த தப்பான அளவுக்கே தன் வரிசைய இழுத்து பொருத்திடறாங்க, அதனால தப்பு மேல தப்பு ஏறிட்டே போகும். நான் ரெண்டு வரிசைய பிரிச்சு திரும்ப தைச்சேன்.

ஸ்வாப் இதுக்கு நேர் எதிர். நான் ஒரு டிசைன முடிவு பண்ணிட்டு அதையே ஆறு தடவ தைக்கிறேன், ஒண்ணு எனக்கு, அஞ்சு மத்தவங்களுக்கு, ஒரு நாள் எல்லாரும் கூடி மாத்திக்கிறோம். வேகம்னு பாத்தா இதுதான் வேகம். துணிய மடிச்சு அடுக்கி ஒரே வெட்டுல ஆறு வரிசைக்கும் வெட்டிடலாம், மிஷின்ல நூல் மாத்தாம தொடர்ந்து ஓட்டிட்டே போகலாம். சொன்ன தேதிக்கு ஒருத்தர் வரலன்னா எல்லாருக்கும் ஒரு வரிசை குறையும், அவ்வளவுதான், யாரோட குயில்ட்டும் யார்கிட்டயும் மாட்டிக்காது. 2011-ல அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்து குயில்ட் கடைக்காரங்க சில பேர் சேர்ந்து ஆரம்பிச்ச, கடைக்கு கடை ஒரு வரிசை டிசைன் குடுக்கிற ரோ பை ரோ பரவினதுக்கும், எல்லா கடையோட வரிசையும் 9க்கு 36 இஞ்ச்னு ஒரே அளவுல இருந்தது ஒரு காரணம்னு நான் நெனைக்கிறேன், எந்த ஊர்ல வாங்கினதும் எந்த ஊர் வரிசையோடயும் சேரும்.

ஆனா ஸ்வாப்ல எனக்கு ரெண்டு மனத்தாங்கல் இருக்கு. ஆறு பேர் குயில்ட்டும் ஒரே மாதிரி இருக்கும், வரிசைய மேல கீழ மாத்தி வெச்சுக்கலாம், அத தவிர வித்தியாசம் இல்ல. மாமிக்கு மரூனும் மஞ்சளும்தான் புடிக்கும், ஒயிட்ஃபீல்ட் தோழி வீட்டுல எல்லாமே சாம்பல் கலர், ரெண்டு பேருக்கும் ஒரே குயில்ட்டுன்னா ஒருத்தர் அத பீரோல மடிச்சு வெச்சிடுவாங்க. ரெண்டாவது, ஒருத்தரோட தப்பு ஆறு வீட்டுக்கும் போகும். வேற ஒரு ஸ்வாப்ல நான் கொண்டு போன சிவப்பு துணி சாயம் விட்டுச்சு. உப்புத்தண்ணி, வினிகர்ல ஊற வெச்சா போதும்னு நம்பி வெச்சிருந்தேன், நிக்கல, முதல் சலவைலயே பக்கத்து வெள்ளை வரிசை எல்லாருக்கும் ரோஸ் ஆயிடுச்சு, இன்னிக்கும் அந்த குயில்ட்டுங்கள பாக்க கஷ்டமா இருக்கு. அஜ்ரக், இண்டிகோ, கலம்காரி எது எடுத்தாலும் தனியா ரெண்டு மூணு தடவ தண்ணி தெளியிற வரைக்கும் அலசுங்க, அப்புறம் ஈரத்துணிய வெள்ளைத்துணி மேல வெச்சு சூடா இஸ்திரி போட்டு பாருங்க, கறை ஒட்டினா அந்த துணி நம்ம எக்ஸ்சேஞ்ச்சுக்கு வேண்டாம்.

ஒரே ஒரு குயில்ட் பண்ணி மாமிக்கு மட்டும் குடுத்துடலாம்னும் ஒரு யோசனை வந்துச்சு. ஆறு வரிசையோட வேலை முடிஞ்சிடும்தான். மாமியே வேண்டாம்னுட்டாங்க, "நான் மட்டும் எடுத்துண்டு போனா உங்ககிட்ட என்ன இருக்கும்"னு கேட்டாங்க. அதோட அந்த பேச்சு முடிஞ்சுது.

இப்ப பை முறை. விஜயநகர் அக்கா சொன்னது. ஆளுக்கு அஞ்சு துணிப்பை, ஒவ்வொண்ணுலயும் நம்ம தீம் எழுதின சீட்டு, நம்ம கலர்ல அரை மீட்டர் துணி, எந்த உயரம் வேணும்ங்கற அளவு. அரை மீட்டர் போதுமான்னு கேட்டாங்க. 44 இஞ்ச் அகல துணில 48க்கு 9 வரிசை ஒண்ணுக்கு பிட் துணியோட சேர்த்தா தாராளமா போதும், 12 உயரத்துக்கு தைக்கிறவங்க தன் துணிய கொஞ்சம் கூட சேர்த்துக்கணும், அது நல்லதுதான், அவங்க வீட்டுத் துணியும் உள்ள வரும். எல்லாரும் ஒரே நாள்ல பைய மாத்திக்கிறோம், அவங்கவங்க வேகத்துல அஞ்சு பேருக்கும் தைக்கிறோம், கடைசில வரிசைங்களா திரும்ப வாங்கிக்கிறோம். அவங்கவங்க கலர் கிடைக்குது, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், தப்பு வந்தா ஒரு வரிசையோட நிக்குது.

இழக்கிறது அந்த கொடியத்தான். ஒருத்தர் வரிசைய இன்னொருத்தர் பாக்காம தைக்கிறதால ஒருத்தருக்கே மூணு பேர் ஃப்ளையிங் கீஸ்ங்கற முக்கோண டிசைனையே தைச்சு வந்து நிக்கவும் வாய்ப்பிருக்கு. அஞ்சு பேருக்கு அஞ்சு விதமா தைக்கணும்ங்கறதால ஸ்வாப் மாதிரி அடுக்கி வெட்டவும் முடியாது. அது எனக்கு குறையா தெரியல, ஒரே பிளாக்க 48 தடவ தைக்கிறத விட எனக்கு இது தேவல.

இங்க ஊர் விஷயமும் பாக்கணும். அல்சூர், விஜயநகர், ஒயிட்ஃபீல்ட் மூணும் மெட்ரோல பர்ப்பிள் லைன், மல்லேஸ்வரமும் என் ஸ்ரீராம்புரமும் கிரீன் லைன், ஆறாவது ஆள் இருக்கிற எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்ட்ல யெல்லோ லைன் வந்த அப்புறம்தான் எட்டுற தூரம் ஆச்சு. பர்ப்பிளும் கிரீனும் சேர்ற மெஜஸ்டிக்ல வெச்சு கைமாத்திக்கலாம்தான், ஆனா ராபின்னா மாசாமாசம் ஆறு பேரும் அலையணும், பை முறைக்கு ரெண்டே தடவ கூடினா போதும். கூரியர்ல அனுப்பலாம்னா, தொலைஞ்சு போச்சுன்னா துணிக்கு விலை போட்டுடலாம், ஆறு பேர் உழைப்ப எப்படி போடறது, எனக்கு மனசு வரல.

அப்புறம் காலம். பொங்கல் கழிச்சு ஆரம்பிச்சா ராபினுக்கு மாசத்துக்கு ஒரு வீடுன்னு ஜூன் முடிஞ்சிடும், மாமி கெளம்பியே போயிடுவாங்க. அதுவும் மார்ச்ல மூணு பேர் வீட்டுல பிள்ளைங்களுக்கு பரீட்சை, அந்த மாசம் மிஷின் மூடி திறக்கவே போறதில்ல. பை முறைல பிப்ரவரி, ஏப்ரல் ரெண்டுலயும் பிரிச்சு தைச்சுக்கலாம், இதனாலதான் என் ஓட்டு விஜயநகர் அக்காவுக்கு. மூணு மூணு பேரா பிரிஞ்சு ஆளுக்கு ரெண்டு வரிசையா ராபின் விடலாம்னும் கணக்கு போட்டேன், கைமாத்துறது மூணுதான் வருது, நேரம் சரியா இருக்கும். ஆனா அப்போ மாமி குயில்ட்டுல மூணு பேர் கை இல்லாம போயிடும். நாம பண்றதே அதுக்குத்தானே.

அளவுக்கு நான் சொல்றது 48. ஏன்னா 3, 4, 6, 8, 12 எல்லா பிளாக்கும் மிச்சமில்லாம உக்காரும், 60னா 8 உக்காராது. வெட்டி முடிச்ச வரிசை 48½ வரணும், ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்கு. வரலயா, இழுக்காதீங்க, ரெண்டு முனையிலயும் அதே கலர்ல பட்டி வெச்சு அளவுக்கு கொண்டு வந்துடுங்க. உயரம் ரெண்டு 12, ரெண்டு 9, ரெண்டு 6, மொத்தம் 54. நடுவுல ஒன்றரை இஞ்ச் பட்டி அஞ்சு, 61½. சுத்தி 4 இஞ்ச் பார்டர் வெச்சா 56க்கு 69½, 60 இஞ்ச் அகல சிங்கிள் பெட்ஷீட் துணி ஜாயின்ட் இல்லாம பின்பக்கத்துக்கு சரியா உக்காரும். அந்த பட்டிய மட்டும் பாவு போற திசையில, கரையோட நீளவாக்குல வெட்டுங்க, ஒன்றரை மீட்டர் வாங்கினா ஒட்டுப்போடாம 48½ கிடைக்கும், ஊடைப்பக்கம் வெட்டினா இழுபடும், இது இழுபடாது, கொஞ்சம் கோணலா வந்த வரிசையக்கூட நேரா புடிச்சு நிறுத்தும். சிக்பேட்ல டி.எஸ். லேன் பக்கம் ஒரு நாள் போய் ஆறு பேருக்கும் பட்டித்துணி சேர்த்தே எடுத்துடலாம்னு இருக்கேன். எல்லாரும் ஒரே இஞ்ச் டேப் வாங்கிக்கிறதும் நல்லது, பழைய டேப் இழுத்து இழுத்து நீண்டிருக்கும்.

அந்த கொடிய முழுசா விட்டுக்குடுக்க எனக்கு மனசில்ல, அதனால ரெண்டு விஷயம் கேக்கறேன். தைக்க ஆரம்பிக்கும்போதே யாருக்கு என்ன தைக்கிறீங்கன்னு குரூப்ல போட்டோ போடுங்க, அதே ஆளுக்கு அதே டிசைன வேற யாரும் எடுக்க வேண்டாம், அத பாத்து அடுத்தவங்களுக்கு ஏதாவது தோணவும் தோணும். இன்னொண்ணு, மே முதல் ஞாயித்துக்கிழமை எல்லா வரிசையும் எடுத்துட்டு மாமி வீட்டு கூடத்துக்கு வந்துடுங்க, தரையில விரிச்சு, எது மேல எது கீழன்னு சேர்ந்தே பாத்து ஊசி குத்தி வெச்சுட்டு போகலாம். மாமி குயில்ட்ட மட்டும் அன்னிக்கே மிஷின்ல ஓட்டி முடிச்சிடலாம், என் மிஷின நான் ஆட்டோல கொண்டு வர்றேன். பை மாத்திக்கிறது பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, என் வீட்டுல, காலைல பத்து மணி. மாமி, உங்க சீட்டுல மரூன் மஞ்சள்னு மட்டும் எழுதாம தேர் வேணுமா, யானை வேணுமா, கோபுரம் வேணுமான்னும் எழுதிடுங்க.