பழைய ரிமோட் காரைக் கடையில் கொடுக்கப் போகிறீர்களா? 460 வெள்ளி போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

சிங்கப்பூரில் இருப்பவர்கள், அதிலும் வீட்டு ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய ரிமோட் காரை எடுத்து இப்போதுதான் சரிசெய்யக் கற்றுக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராது. 460 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து என் காரை நானே பறிகொடுத்திருக்கிறேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது, அது முடியட்டும். ஹாபி கடை, பழைய ஷாப்பிங் சென்டர் ஒன்றின் மாடியில், கண்ணாடி அலமாரி நிறைய ஜப்பான் கிட்டுகள் (பாகம் பாகமாக வரும், நாமே பூட்ட வேண்டும்), வாசலில் "பழைய கார்கள் புதுப்பித்துத் தரப்படும்" என்று ஒரு அட்டை. இவ்வளவு போதும். கொடுப்பதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கார், ஜப்பானின் தமியா கம்பெனி போட்ட ஹார்னெட். 1984இல் வந்தது, மாடல் எண் 58045. என் தாய்மாமா சம்பளம் வாங்க ஆரம்பித்த காலத்தில் வாங்கி, அவரே உட்கார்ந்து பூட்டியது. வீடு மாறும்போது "நீ எடுத்துக்கோ" என்று பெட்டியோடு கொடுத்தார். இந்த மாடலின் பாடி கண்ணாடி மாதிரி தெளிவான பாலிகார்பனேட்டில் வரும், பெயின்ட்டை உள்பக்கமாகத்தான் அடிக்க வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பாகத் தெரியும். மாமா ஸ்ப்ரேக்குக் காசு செலவழிக்காமல் சாதாரணப் பிரஷால் கறுப்பு அடித்திருந்தார். திருப்பிப் பார்த்தால் உள்ளே கோடு கோடாகப் பிரஷ் தடம். போதாததற்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் டிரைவர் பொம்மைக்குச் சிவப்பு பெயின்ட்டில் ஒரு மீசை. ஏன் சிவப்பு என்று கேட்டால் அன்றைக்குக் கறுப்பு தீர்ந்துவிட்டது என்பார். இந்த மீசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பாதி வேலையை நானேதான் செய்தேன். டயரைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, செம்மண் எல்லாம் எடுத்தேன். உள்ளே பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியை யாரோ மாட்டியபடியே விட்டிருந்ததால் அது கசிந்து, இணைப்புகள் பூராவும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அந்தக் கசிவு காரத்தன்மை உள்ளது, வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும், போனது. ஜப்பான் ஸ்க்ரூ தலைகளுக்கு ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவு ஸ்க்ரூடிரைவர்தான் சரியாக உட்காரும், சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் போட்டால் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சரியான ஸ்க்ரூடிரைவர் வாங்கியும் கியர்பாக்ஸில் ஒரு ஸ்க்ரூ அசையவே இல்லை. ஸ்பீட் கன்ட்ரோலரும் வேலை செய்யவில்லை. அந்தக் காலத்துக் கன்ட்ரோலர் எலக்ட்ரானிக் கிடையாது, சர்வோ என்ற சின்ன மோட்டார் ஒரு நெம்புகோலைத் தள்ளும், அது செப்புத் தகடுகள் மேல் நகர்ந்து வேகத்தை மாற்றும், மெதுவாகப் போகும்போது மிச்ச மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் சூடாக எரித்துத் தீர்க்கும். தகடுகள் களிம்பேறிக் கிடந்தன. இந்த இரண்டு வேலைக்காகத்தான் கடைக்குப் போனேன். இரண்டே வேலை.

கடைக்காரர் காரைக் கையில் வாங்கிய விதம் இருக்கிறதே, அங்கேதான் ஆள் விழுகிறது. மெதுவாகத் திருப்பினார், பின்பக்க டேம்பரை (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்) ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார், அழுத்தியதும் ஆகா என்றார். இது ஒரிஜினல் பிரதர், இந்தக் காலத்தில் யாரிடம் இருக்கிறது என்றார். மீசையைப் பார்த்துச் சிரித்தார். தன்னுடைய முதல் காரும் இதுதான் என்றார், சின்ன வயதில் புளோக்குக்குக் கீழே ஓட்டிய கதை எல்லாம் சொன்னார். அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது இவர்தான் சரியான ஆள் என்று எனக்குத் தோன்றியது. யாருக்குத்தான் தோன்றாது? கியர்பாக்ஸ், கன்ட்ரோலர், புதிய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, பேட்டரி, சார்ஜர், வேலைக்கூலி என்று எல்லாம் சேர்த்து 460 வெள்ளி. அதிகம்தான். பழைய காரில் கை வைப்பதற்குப் பொறுமை வேண்டும், அதற்குத்தான் காசு என்றார். பேநவ்வில், போன் வழியாகவே, முழுப் பணத்தையும் அனுப்பினேன். ரசீதில் "ஆர்சி கார் சர்வீஸ்" என்று ஒரு வரி, 460 என்று ஒரு எண், அவ்வளவே.

இரண்டு வாரம் என்றார்கள். அப்புறம் பார்ட்ஸ் ஜப்பானிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அப்புறம் பாஸ் ஊரில் இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று செய்தி வந்தது.

கார் பளபள என்று இருந்தது. அதுதான் பிரச்சினையே. கவுண்டரில் நின்றபடி பாடியைத் திருப்பினேன், உள்ளே பிரஷ் தடம் ஒன்றுகூட இல்லை, ஒரே சீராக ஸ்ப்ரே அடித்த கறுப்பு. டிரைவருக்கு மீசை இல்லை. சக்கரங்கள் வெள்ளை வெளேர் என்று, பழைய பிளாஸ்டிக்கின் மஞ்சள் சாயலே இல்லாமல். பின் டேம்பர், மோட்டார், எல்லாமே புதுசு. மெக்கானிக்கல் கன்ட்ரோலரும் ரெசிஸ்டரும் போன இடம் தெரியவில்லை, அதற்குப் பதில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் கன்ட்ரோலர். அடித்தொட்டி, அதாவது எல்லாப் பாகமும் உட்காரும் அடிச்சட்டம், மட்டும் பழையது, ஏனென்றால் அதன் அடியில் மாமா காம்பஸ் முனையால் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்திருக்கிறார், அதை யாரிடம் விற்க முடியும்?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்குத் தெரியாது. தமியா இதே ஹார்னெட்டை 2004இல் திரும்ப வெளியிட்டது, எண் 58336. பார்த்தால் அதே கார், பாடியும் சக்கரமும் பழைய தொட்டியில் அப்படியே பொருந்தும். புது கிட் முழுசாக வாங்கினாலே நான் கொடுத்த 460 வெள்ளியில் பாதிகூட ஆகாது. அதாவது ஒரு புது கிட்டை உடைத்து என் தொட்டியில் மாட்டிவிட்டு, 1984ஆம் வருடத்துப் பாகங்களைத் தனியாக எடுத்துக்கொண்டால், கடைக்கு என் காசும் லாபம், என் காரும் லாபம். சேகரிப்பவர்கள் ஒரிஜினல் பாடிக்கும் பொம்மைக்கும் தனித்தனியாகவே நல்ல விலை கொடுக்கிறார்கள்.

பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் முதலில் "பழசா? எது பழசு?" என்றார். பிறகு பாடியில் விரிசல் இருந்தது, குப்பையில் போட்டோம் என்றார். சரி, பொம்மையிலும் விரிசலா? அதற்குக் கடையில் வேலை பார்க்கும் பையனைக் கேட்க வேண்டுமாம், பையன் இன்று லீவாம். மறுபடி போனபோது பையன் இருந்தான், அவன் பாஸைத்தான் கேட்க வேண்டும் என்றான். பாஸ் போனில், "புதுப்பித்துத் தரச் சொன்னீர்கள், புதுப்பித்தோம், இதற்குச் சந்தோஷப்பட வேண்டும் பிரதர்" என்றார். சந்தோஷம்! சில வெள்ளைக்காரர்கள் வந்து இப்படிப் புதுசாக்கித் தரச் சொல்லிக் கெஞ்சுகிறார்களாம், நான் மட்டும்தான் பழைய குப்பையைக் கேட்கிறேனாம். நான் குரலை உயர்த்தியதும், அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.

நேற்று ராத்திரிதான் உச்சம். பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் ஹார்னெட் பாடி என்று சும்மா தேடிக்கொண்டிருந்தேன். "ஒரிஜினல் 1984 பாடி செட், அரிய பொருள்" என்று ஒரு விளம்பரம். இரண்டாவது படத்தில் பாடியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், கோடு கோடாகப் பிரஷ் தடம். மூன்றாவது படத்தின் ஓரத்தில் பொம்மை, சிவப்பு மீசையோடு. விற்பவர் பெயர் ஏதோ எண்ணும் எழுத்துமாக இருக்கிறது. பொம்மையைப் பக்கத்திலிருந்து ஒரு படம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் விளம்பரம் காணோம். நல்லவேளை, அதற்கு முன்னாலேயே மூன்று படத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன். விற்றவர் யார் என்று நான் சொல்லவில்லை. குப்பையில் போட்ட பொருள் எப்படி அங்கே போனது என்று மட்டும் கேட்கிறேன்.

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. கார் ஓடுகிறதா என்று போன் செய்து கேட்கிறார், ஓடுகிறது மாமா என்கிறேன். பொய் இல்லை, ஓடத்தான் செய்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கொடுக்கும் முன் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுங்கள், பாடியின் உள்பக்கத்தையும் சேர்த்து. கழற்றும் பழைய பாகம் அத்தனையும், உடைந்ததும்கூட, திருப்பித் தர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள், எழுத மாட்டேன் என்றால் காரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். கியர்பாக்ஸ் வேலைக்குப் பாடி எதற்கு? பாடியையும் பொம்மையையும் பெட்டியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வெறும் தொட்டியை மட்டும் கொண்டு போங்கள். அடித்துப் பேசும் கடைக்காரரைவிட உருகிப் பேசுபவரிடம்தான் அதிக ஜாக்கிரதை. பணம் விஷயமாக ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்கு (சிறு தொகை வழக்குகளுக்கான மன்றம்) போகலாம், இந்த அளவு தொகைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான், வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் விட மாட்டார்கள், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன். 460 வெள்ளி திரும்பி வந்தாலும் பாடி திரும்பி வருமா தெரியாது.

கடைசியாக ஒன்று. அந்த விளம்பரத்தைப் பார்த்து யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை, நீங்கள் கொடுத்த விலையை அப்படியே தருகிறேன், பாடியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அந்த மீசைக்காரப் பொம்மையை மட்டும் கொடுங்கள். தனிச்செய்தி அனுப்புங்கள், எந்த எம்ஆர்டி ஸ்டேஷன் என்றாலும் நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.