நொஸ்கோவ்ஸ்கியும் கார்வோவிச்சும்

இசையமைப்பாளர்கள் சோபனுக்கும் ஷிமனோவ்ஸ்கிக்கும் இடைப்பட்ட போலந்து இசையில் ஆசிரியர் நொஸ்கோவ்ஸ்கியும் மாணவர் கார்வோவிச்சும் அதிகம் கேட்கப்படாதவர்கள். இருவரும் 1909இல் மறைந்தனர். மூன்று சிம்பொனிகள் எழுதிய நொஸ்கோவ்ஸ்கியின் ‘ஸ்டெப்’ (1896), போலந்தின் முதல் சிம்பொனிக் கவிதையாக (ஒரு கதையையோ காட்சியையோ இசைக்குழுவால் சித்திரிக்கும் படைப்பு) பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. பரந்த புல்வெளியைத் தொலைவிலிருந்து வரையும் சீரான, சற்றே பழமையான ஓவியம் அது.

ஜெர்மன் இசையமைப்பாளர்களான வாக்னர், ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ் ஆகியோரின் வழியில் சென்ற கார்வோவிச்சோ மனத்தின் உள்ளே இறங்குகிறார். தற்கொலையைப் பொருளாகக் கொண்ட ‘சோகக் கதை’யில் (1908), துப்பாக்கி வெடிக்க வேண்டிய கணத்தில் சேகண்டியையொத்த தாம்-தாமின் ஒற்றை அடி விழுந்து, இசைக்குழுவையே உறைய வைக்கிறது.

தத்ரா மலைப் பனிச்சரிவில் 32 வயதில் இறந்தவர் என்ற இரக்கத்தால் அல்ல, இந்த ஓர் அடிக்காகவே நான் மாணவரின் பக்கம் சாய்கிறேன்.