அப்பாச்சி கேமலும் வங்கியின் எக்ஸ்எம்எல் கோப்புகளும்: ஏழாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் நிறுவனத்தின் கணக்கு மென்பொருளை வங்கிகளோடு இணைப்பதற்காக 2018இல் அப்பாச்சி கேமல் என்னும், மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஜாவா கருவியைத் தேர்ந்தெடுத்தோம். வங்கிகள் நாள்தோறும் அனுப்பும் கணக்கு அறிக்கையை, அதாவது ஐஎஸ்ஓ 20022 தரத்திலான கேம்ட்.053 என்னும் எக்ஸ்எம்எல் கோப்பைப் பெற்று, அதிலுள்ள வரவு செலவுப் பதிவுகளைத் தனித்தனியாகப் பிரித்து, எங்கள் மென்பொருளுக்குப் புரியும் வேறொரு எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றித் தருவதே வேலை. கேமல் 2இல் தொடங்கி, இன்று ஜாவா 17இல் ஓடும் கேமல் 4இல் இருக்கிறோம்.

முதலில் எக்ஸ்பாத் என்னும், எக்ஸ்எம்எல்லில் வேண்டிய பகுதியைச் சுட்டும் மொழியைக் கொண்டே பதிவுகளைப் பிரித்தோம். எழுதுவது எளிது, சிறிய கோப்புகளில் குறையும் தெரியாது. மாத இறுதியில் பெரிய கோப்பு வந்தபோதுதான் நினைவகம் தீர்ந்து சர்வர் நின்றது. ஸ்ட்ரீமிங், அதாவது கோப்பைச் சிறிது சிறிதாகப் படிக்கும் முறை, என்று குறிப்பிட்டிருந்தோமே என்று நாங்கள் வியந்தோம். ஆனால் எக்ஸ்பாத் தன் வேலையைத் தொடங்கும் முன்பே ஆவணம் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும் என்பதால், அந்தக் குறிப்புக்குப் பயன் ஏதும் இல்லை. பின்னர் எக்ஸ்டோக்கனைஸ் முறைக்கு மாறினோம். அது ஸ்டாக்ஸ் என்னும் எக்ஸ்எம்எல் பார்சரின் (படிப்பானின்) துணையோடு கோப்பைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போய், கேட்ட கூறு (எலிமென்ட்) வந்ததும் வெட்டித் தரும். வேர்க் கூறில் அறிவிக்கப்பட்ட நேம்ஸ்பேஸையும், அதாவது கூறுகளின் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் பெயர்வெளியையும், வெட்டிய துண்டில் சேர்த்துவிடும்.

இந்த மாற்றம் எங்களுக்கு வேறொரு பாடத்தையும் வைத்திருந்தது. கேம்ட்.053இல் கணக்கு எண், பதிவுக்குள் இருப்பதில்லை. பதிவுகள் அடங்கிய அறிக்கைக் கூறின் கீழ், பதிவுகளுக்கு உடன்பிறப்பாக இருக்கிறது. பதிவை மட்டும் வெட்டியெடுத்தால் அது எந்தக் கணக்குக்கு உரியது என்பது போய்விடும். கோப்பின் தொடக்கத்தில் உள்ள கணக்கு எண்ணைப் படித்து, கேமல் செய்தியோடு கூடவே செல்லும் ஹெடரில் (தலைப்புத் தகவலில்) வைத்துக்கொண்டோம். ஒரே கோப்பில் இரண்டு கணக்குகளின் அறிக்கைகள் வந்த நாளில், இரண்டாம் கணக்கின் வரவுகளும் முதற்கணக்கிலேயே ஏறின. தவறு முழுக்க எங்களுடையதுதான். இப்போது முதலில் அறிக்கைவாரியாகவும், பிறகு அதற்குள் பதிவுவாரியாகவும் இரண்டு கட்டமாகப் பிரிக்கிறோம்.

என்னை அதிகம் அலைக்கழித்தது பெயர்வெளிதான். ஐஎஸ்ஓ 20022 செய்திகளில் பதிப்பு எண் பெயர்வெளிக்குள்ளேயே இருக்கிறது, கேம்ட்.053.001.02 வேறு, கேம்ட்.053.001.08 வேறு. ஒரு வங்கி 08க்கு மாறிய நாளில், எங்கள் பாதையில், அதாவது கோப்பு கடந்துசெல்லும் படிகளின் வரிசையில், எந்தப் பிழையும் எழவில்லை. ஒரு பதிவும் பொருந்தாததால் எதையும் பிரிக்காமல், வேலை வெற்றிகரமாக முடிந்ததாக அறிவித்துவிட்டது. பெயர்வெளியைப் பொருட்படுத்தாமல் கூறின் பெயரை மட்டும் பார்க்கும் குறுக்குவழி எங்கள் குழுவில் முன்மொழியப்பட்டது, நானும் ஒரு வாரம் அதை முயன்றேன். 02இல் வங்கிக் குறியீட்டின் கூறு பிஐசி. 08இல் அது பிஐசிஎஃப்ஐ. குறுக்குவழியில் போனால் பதிவு வந்துவிடும், வங்கிக் குறியீடு மட்டும் வெறுமையாக வரும். பிழையே வந்து நிற்பதைவிட இது மோசம். ஆகவே பதிப்புக்கு ஓர் உருமாற்றக் கோப்பு வைத்து, வேர்க் கூறின் பெயர்வெளியைப் பார்த்து உரியதைத் தேர்ந்தெடுக்கிறோம். அறிக்கையின் சுருக்கப் பகுதியில் பதிவுகளின் எண்ணிக்கையை வங்கி தந்திருந்தால், நாங்கள் பிரித்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

உருமாற்றத்துக்கு, எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியே போதும் என்பது என் தீர்ப்பு. ஜாவாவோடு வரும் இயந்திரம் 1999இன் எக்ஸ்எஸ்எல்டி 1.0ஐ மட்டுமே அறியும். தொகுத்துக் கூட்டுவது அதில் பெரும்பாடு. கேமல் 3 முதல் தனி இணைப்பாகக் கிடைக்கும் சாக்ஸன் என்னும் புதிய எக்ஸ்எஸ்எல்டி இயந்திரத்துக்கு மாறியபின் அந்தத் தொல்லை நீங்கியது. சாக்ஸனின் இலவசப் பதிப்பில் ஸ்ட்ரீமிங் கிடையாது என்றாலும், துண்டுகளாக வெட்டியபின் உருமாற்றுவதால் எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

எழுத்துக் குறியாக்கத்திலும் ஒரு முறை அடிபட்டோம். ஒரு கோப்பின் முதல் வரி ஐஎஸ்ஓ 8859-1 என்று அறிவித்திருந்தும், பாதையின் தொடக்கத்திலேயே நாங்கள் அதை யூடிஎஃப்-8 என்று கொண்டு சரமாக மாற்றிவிட்டதால், முல்லர், ஷ்ரோடர் போன்ற ஜெர்மானியப் பெயர்களின் உம்லாட் எழுத்துகள் (மேலே இரு புள்ளி கொண்டவை) சிதைந்தன. பைட்டுகளாகவே பார்சரிடம் கொடுத்திருந்தால், முதல் வரியை அதுவே படித்துச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கும். செய்தியை ஒரு முறை லாக் செய்தாலே (பதிவேட்டில் எழுதினாலே) அடுத்த படிக்கு உள்ளடக்கம் காலியாகப் போய்ச்சேரும் பழைய வேடிக்கை, ஒரு முறையே படிக்கக்கூடிய உள்ளடக்கத்தை மீண்டும் படிக்கும்படி சேமித்துவைக்கும் ஸ்ட்ரீம் கேச்சிங் கேமல் 3.17 முதல் இயல்பாகவே இயங்குவதால் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

இன்றும் எனக்கு மிஞ்சியிருக்கும் குறை ஒன்றுதான். உருமாற்றத்தில் பிழை வந்தால் காட்டப்படும் வரி எண், வெட்டிய துண்டின் வரி எண்ணே அன்றி மூலக் கோப்பினுடையது அன்று. அதனால் ஒவ்வொரு பிழையோடும் துண்டின் வரிசை எண்ணையும் லாகில் எழுதுகிறோம். கேமல் அதை 0இலிருந்து எண்ணுகிறது, கணக்குப் பிரிவினரோ 1இலிருந்து எண்ணுகிறார்கள் என்பதால், அவர்களோடு பேசும்போது நான் இன்னமும் ஒன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.