பழைய வண்டிக்கு 48 பல் ஸ்ப்ராக்கெட்

என் பழைய 100 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியைக் காட்டுப்பாதைக்குத் தயார் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் பின்சக்கரத்தில் செயின் ஓடும் இந்த ஸ்டீல் பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட்தான். முன்பு பின்னால் 42 பல், இப்போது 48. முன் ஸ்ப்ராக்கெட் அதே 14 பல். பின் பல்லை முன் பல்லால் வகுத்த விகிதம் 3.00-இலிருந்து 3.43 ஆகிறது, இழுவை சுமார் 14 சதவீதம் கூடுகிறது.

கல்லும் வேருமான ஏற்றத்தில் முன்பெல்லாம் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஏறுவேன். பிளேட் கருகும் வாடை வரும். இப்போது கிளட்சை முழுதாக விட்டுவிட்டால் வண்டி நடை வேகத்தில் தானாக ஏறுகிறது. முதல்முறை அப்படி ஏறியபோது வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

மாட்டும்போது ஒரு சிக்கல். போல்ட் துளைகளில் பிசிறு. அரம் போட்ட பிறகுதான் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் உட்கார்ந்தது. தயாரித்தவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். பழைய செயின் நீளம் எட்டாது, எனக்கு நான்கு கண்ணி கூடுதலாகத் தேவைப்பட்டது. அதற்காகத் தேய்ந்த செயினில் கண்ணி சேர்த்துப் போடாதீர்கள், புதுப் பல்லையும் அது தின்றுவிடும்.

தார்ச்சாலையில் அதே வேகத்துக்கு இஞ்சின் அதிகம் சுற்றுகிறது, சத்தமும் கூடுதல். சரி, காட்டுக்கென்றே வைத்திருக்கும் வண்டிக்கு அது பரவாயில்லை. சேற்றிலும் மணலிலுமாக 300 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஒரு பல்கூட இன்னும் தேய்ந்து கூராகவில்லை.